கரையில் ஒரு நண்டு வளை

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடிப்பெருக்கு அன்று காவிரிக் கரையில் காப்பரிசி வைத்துக் கும்பிட்டுவிட்டு வருகிறோம். பெரும்பாலான ஆண்டுகளில், அது முடிந்த ஒரு வாரம் பத்து நாளுக்குள் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்தில் இன்னொரு கூட்டம் கூடுகிறது. டெஃப்கான் என்று பெயர். கணினிகளின் பாதுகாப்பில் ஓட்டை தேடுகிறவர்களின் கூட்டம்.

1993இல் ஜெஃப் மாஸ் என்ற இளைஞர் ஊரைவிட்டுப் போகிற நண்பருக்காக ஒரு வழியனுப்பு விருந்துக்கு ஏற்பாடு செய்தார். நண்பரோ முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டார். செய்த ஏற்பாட்டை ஏன் விடவேண்டும் என்று தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் மாஸ் கூப்பிட்டார். சுமார் 100 பேர் வந்தார்கள். அது வளர்ந்து 30,000 பேர் கூடுகிற மாநாடாகிவிட்டது. வாசலில் ரொக்கம் கொடுத்தால் போதும், பெயர்கூடக் கேட்க மாட்டார்கள்.

இவர்களெல்லாம் திருடர்கள்தானே என்று கேட்பீர்கள். என் மாணவர்களின் பெற்றோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். நான் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். ஆனால் இதற்கான பதில் எனக்குக் கிடைத்தது வயலில்தான்.

ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் கரையில் நண்டு வளை விழுந்தால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் விரல் நுழைகிற ஓட்டைதான் இருக்கும். விடிவதற்குள் கரை உடைந்து, நட்டு இருபது நாளான சம்பாப் பயிர் தண்ணீருக்குள் கிடக்கும். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு ராத்திரி, பக்கத்து வயல்காரர் வந்து கதவைத் தட்டினார். "உங்க கரையில தண்ணி கசியுதுங்க" என்றார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். எங்கள் கரையில் உமக்கென்ன வேலை என்று அவரை யாரும் கேட்கவில்லை. அம்மா அவருக்குச் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தார்கள்.

டெஃப்கானில் நடப்பதும் இப்படிக் கரை பார்க்கிற வேலைதான். கிராமங்கள் என்று அவர்கள் சொல்கிற தனித்தனிப் பிரிவுகள் அங்கே உண்டு. ஒன்றில் சாவியில்லாமல் பூட்டுத் திறக்கப் பழகுகிறார்கள். திண்டுக்கல் பூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ரொம்ப நேரம் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். இன்னொரு பக்கம் ஒரு திரை இருக்கும். மாநாட்டின் வைஃபையில் பாதுகாப்பில்லாமல் நுழைந்தவர்களின் பயனர் பெயரும், பாதி மறைத்த கடவுச்சொல்லும் அதில் ஓடும். அதற்கு ஆட்டுச் சுவர் என்று பெயர். பேருந்து நிலையத்து இலவச வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்கிற நாமும் அந்தச் சுவரில் ஏறக்கூடியவர்கள்தான்.

2015இல் நடந்ததைக் கேளுங்கள். சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு பேர், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கி வண்டியை வீட்டிலிருந்தே இணையம் வழியாக வேகம் இழக்க வைத்தார்கள். உள்ளே இருந்த பத்திரிகையாளர் சம்மதித்துத்தான் ஓட்டினார். வண்டி தயாரித்த நிறுவனத்துக்குப் பல மாதங்கள் முன்பே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். செய்தி வெளியான பிறகு 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பிறகு அந்த ஆகஸ்டில் டெஃப்கான் மேடையில் முழுவதையும் விளக்கினார்கள்.

ஆனால் எல்லோருக்கும் சுக்குக் காபி கிடைப்பதில்லை. 2001இல் மின்னூல்களை நகலெடுக்க விடாமல் தடுக்கிற மின்னணுப் பூட்டில் இருந்த பலவீனத்தை அதே மாநாட்டில் பேசிய ரஷ்யர் திமித்ரி ஸ்க்லியாரோவ், ஊர் திரும்பும் முன்பே கைதானார். அவர்மீதான வழக்கைப் பிறகு கைவிட்டார்கள்.

என் மாணவன் ஒருவனுக்கும் அந்தப் பயம் வந்தது. ஓர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் தன் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தின் இணைய முகவரியில் இருந்த எண்ணில் ஓர் இலக்கத்தைத் தவறுதலாக மாற்றியிருக்கிறான். வேறொருவரின் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் வந்து நின்றன. உடனே பக்கத்தை மூடிவிட்டு என்னிடம் ஓடி வந்தான். அவன் அப்பாவோ, "நமக்கு எதுக்குங்க வம்பு, பேசாம இருந்துடட்டும்" என்றார்.

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது நம் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். அதனால் மாணவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது இதுதான். ஓட்டை கண்ணில் பட்டால் அங்கேயே நில். உள்ளே போய்ப் பார்க்காதே, எதையும் எடுக்காதே, நண்பனுக்குக் காட்டாதே. பார்த்ததை எழுதி அனுப்பு. அந்த நிறுவனம் காது கொடுக்காவிட்டால், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கிற இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு எழுது. இப்படிப்பட்ட தகவலைப் பெற்றுக்கொள்வதற்கென்றே அங்கே வழி வைத்திருக்கிறார்கள்.

நானும் அந்த மாணவனும் உட்கார்ந்து அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினோம். முதலில், யார் உங்களைப் பார்க்கச் சொன்னது என்று கோபமாக ஒரு தொலைபேசி வந்தது. பொறுமையாக விளக்கினேன். மூன்று வாரம் கழித்துச் சரிசெய்துவிட்டதாக ஒரு வரியில் பதில் வந்தது. பையன் அதை அச்செடுத்து வைத்திருக்கிறான்.

இதற்காக வேகாஸ் வரை போக வேண்டியதில்லை. கோவாவில் 2010 முதல் நல்கான் என்று இதே மாதிரி ஒரு மாநாடு நடக்கிறது. கேரளத்தில் கோகான் மாநாட்டைக் கேரளக் காவல்துறையும் சேர்ந்தே நடத்துகிறது. காக்கிச்சட்டைக்காரர்களும் ஓட்டை தேடுகிற பிள்ளைகளும் ஒரே அரங்கில் உட்கார்கிறார்கள் என்று அந்த அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், ரயில் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறது என்று கேட்டார்.

வணக்கம்.