நாய் எப்படிப் போச்சு?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணிக்குத் தனியாக ஒரு வணக்கம். இன்று அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும்.

பிள்ளைகள் கதை எழுதச் சொல்வளம் வேண்டுமா, கற்பனையே போதுமா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர் ஒரு போடு போட்டார்: "அகராதியை விழுங்கிய பிள்ளைக்குக் கதை வராது, விக்கல்தான் வரும்!" கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அப்புறம்தான் உறைத்தது, விக்கல் என்று எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டார்! "தொண்டையில் ஏதோ வரும்" என்றிருந்தால் ஒரு கை எழுந்திருக்குமா? இருமலா, ஏப்பமா, புரையேறிவிட்டதா என்று முழித்துக்கொண்டிருப்போம். எங்கள் கட்சியை இவ்வளவு அழகாகப் பேசுகிறவரை அந்தப் பக்கம் ஏன் உட்காரவைத்தீர்கள், நடுவர் அவர்களே?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கதிரவன் பொற்கரம் நீட்டினால்தான் கதையே தொடங்கும் என்று நினைக்கிற பிள்ளைகள் உண்டு. அது பெரிய சொல். நாங்கள் கேட்பது சரியான சொல். பூ என்ற ஒன்றையே அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று 7 பருவமாகப் பார்த்த மொழி இது. நம் பிள்ளைகள் நோட்டில் மட்டும் பூ 'இருக்கிறது'. அவ்வளவுதான்.

என் மகளுக்கு 8 வயது. கதை எழுதினாள். "நாய் போனது. மழை வந்தது. நாய் இன்னும் போனது."

"எப்படிம்மா போச்சு?"

"நடந்துப்பா."

"நடந்துன்னா?"

பென்சிலை வீசிவிட்டுத் தரையில் இறங்கிவிட்டாள். ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, மற்ற மூன்றால் நடக்கிறாள். எனக்குப் புரியவில்லையாம், நானும் நடக்க வேண்டுமாம். நடந்தேன். கடைசி வரிசைக்குத் தெரியவில்லையோ? இதோ, இப்படி... சிரிக்காதீர்கள், முட்டி வலிக்கிறது. அந்த நேரம் பார்த்து அவள் அம்மா கதவைத் திறக்கிறாள். கூடத்தில் இரண்டு நாய்! பெரியதைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தாள்.

"நொண்டி நொண்டின்னு எழுதலாமா?" என்றேன்.

"அது காலே சரியில்லாத நாய்ப்பா. இதுக்கு இப்பதான் முள் குத்திச்சு."

"தத்தித் தத்தி?"

"அது பாப்பா."

"விந்தி விந்தி?"

ஒருமுறை விந்தி நடந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். நான் நீட்டினேன், அவள்தான் பொறுக்கினாள்.

கடைசியில் நாய் வீட்டுக்கு வருகிறது. வீடு பூட்டியிருக்கிறது.

"யாரும் வரமாட்டாங்கன்னு அதுக்குத் தெரியும். ஆனாலும் பார்த்துக்கிட்டே இருக்கு. அதுக்கு என்னப்பா வார்த்தை?"

காத்திருந்தது என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். ஏங்கியது என்றேன். "கிட்ட வந்துட்டீங்க" என்றாள்.

என் அம்மா போன பிறகு, அப்பா தினமும் வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டவர்களிடமெல்லாம் "இருக்கார்" என்றுதான் சொன்னேன். எனக்கு வேறு சொல் வரவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அந்த வரியில் ஒரு சொல் அளவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள் என் மகள். வணக்கம்.