ஹூவர் போர்வை, ஹூவர் கொடி, ஹூவர் பன்றி

வணக்கம் மக்களே. அமெரிக்க ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவரின் பெயரை வைத்து அந்த நாட்டு ஜனங்கள் அடித்த நக்கலைப் பற்றித்தான் இன்றைக்கு வீடியோ. தூசி உறிஞ்சும் ஹூவர் மெஷினுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அது வேறொருவர் கம்பெனி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, என் பேண்ட் பாக்கெட்டைப் பாருங்கள். உள்பக்கத்தை வெளியே இழுத்துவிடுகிறேன், வெள்ளைத் துணி தொங்குகிறதா? இதுதான் ஹூவர் கொடி. பையில் சல்லிக்காசு இல்லை என்று அர்த்தம்.

1929 மார்ச்சில் மனிதர் பதவிக்கு வருகிறார், அக்டோபரில் பங்குச் சந்தை கவிழ்கிறது, அடுத்தடுத்து வங்கிகள் மூடுகின்றன, 1933 வாக்கில் உழைக்கிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. ராத்திரி குளிருக்குப் பழைய செய்தித்தாளைப் போர்த்திக்கொண்டால் அது ஹூவர் போர்வை. ஷூ அடியில் ஓட்டை விழுந்து அட்டையை வெட்டி உள்ளே வைத்தால் அது ஹூவர் தோல். பெட்ரோலுக்குக் காசில்லாமல் காரைக் குதிரை கட்டி இழுத்தால் ஹூவர் வண்டி. டெக்சாஸ் பக்கம் ஆர்மடில்லோ என்று ஒரு பிராணி, நம்ம ஊர் அலுங்கு மாதிரி உடம்பெல்லாம் ஓடு, அதைப் பிடித்துத் தின்றவர்கள் ஹூவர் பன்றி என்றார்கள். தகரமும் பலகையும் அட்டைப்பெட்டியும் வைத்துக் கட்டிய குடிசைப் பகுதிக்கு ஹூவர்வில், அதாவது ஹூவர் ஊர்.

இதெல்லாம் தெருவில் தானாக முளைத்தது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன், ஆனால் ஹூவர்வில் என்ற வார்த்தையைக் கிளப்பிவிட்டவர் சார்லஸ் மிக்கெல்சன் என்று சொல்கிறார்கள், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் விளம்பரப் பிரிவுத் தலைவர், அதாவது சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்த்த ஆள். சரி, கட்சிக்காரன் கிளப்பிவிட்டதெல்லாம் ஜனங்கள் வாயில் ஒட்டுமா? ஒட்டாது. இது ஏன் ஒட்டியது என்றால், அந்தப் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததே ஹூவர்தான்.

1917இல், முதல் உலகப் போர் நேரத்தில், அவர்தான் நாட்டின் உணவு நிர்வாகி. ரேஷன் கட்டாயம் இல்லை, ஆனால் செவ்வாய்க்கிழமை கறி வேண்டாம், புதன்கிழமை கோதுமை வேண்டாம் என்று ஊரெல்லாம் பிரசாரம், உறுதிமொழி அட்டையை வாங்கி ஜன்னலில் ஒட்டிக்கொள்வார்கள். சிக்கனமாகச் சாப்பிடுவதற்கே 'ஹூவரைஸ்' என்று பெயர், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அதற்கும் முன்னால் பெல்ஜியத்தில் பட்டினி கிடந்தவர்களுக்குச் சோறு போட்டவர் என்று உலகப் புகழ். ஆக, ஹூவர் என்றாலே வயிற்றைக் கட்டுவது என்பது ஏற்கெனவே மனதில் பதிந்த சங்கதி. அன்றைக்கு விரும்பிக் கட்டினார்கள், இப்போது வேறு வழியில்லாமல் கட்டினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் அது அநியாயம். வங்கிகளுக்கும் ரயில்வேக்கும் கடன் கொடுக்க 1932இல் தனி நிறுவனமே தொடங்கினார். ஆனால் மத்திய அரசு வேலையில்லாதவன் கையில் நேராகக் காசு கொடுக்கக் கூடாது என்பதில் ஒரே பிடிவாதம். பெல்ஜியத்துக்குச் சோறு, சொந்த ஊர்க்காரனுக்கு உபதேசமா என்று ஜனங்களுக்குக் கோபம் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த ஜூலையில் போனஸ் கேட்டு வாஷிங்டனில் கூடாரம் போட்டிருந்த முன்னாள் சிப்பாய்களை மெக்கார்தர் தலைமையில் ராணுவம் விரட்டியது, குடிசைகள் எரிந்தன. நவம்பர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டுக்கு 472 தேர்வுக்குழு ஓட்டு, அதாவது ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாக எண்ணும் ஓட்டு, ஹூவருக்கு 59.

கனடாக்காரர்களும் விடவில்லை. குதிரை இழுத்த காருக்கு அங்கே பெனட் பக்கி என்று பெயர், பிரதமர் ஆர்.பி. பெனட்டை வைத்து. கஷ்டத்தைச் சொல்லிக் கடிதம் எழுதியவர்களில் பலருக்கு அவர் தன் சொந்தக் காசை அனுப்பியவர், பாவம், அதை வைத்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

இன்னொன்று கேளுங்கள். சியாட்டில் ஹூவர்வில்லை 1931இல் நகராட்சி இரண்டு தடவை கொளுத்தியது, திரும்பத் திரும்பக் கட்டினார்கள், கடைசியில் 1941இல்தான் இடித்தார்கள். அப்போது ரூஸ்வெல்ட் வந்தே எட்டு வருஷம், ஆனால் குடிசை மட்டும் ஹூவர் பேரில்தான். இந்தப் பக்கம் கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை என்று 1930இல் வைத்த பெயரை 1933இல் புது அமைச்சர் தூக்கிவிட்டு போல்டர் அணை என்று ஆக்கினார், திரும்ப வைக்க 1947இல் நாடாளுமன்றமே தீர்மானம் போட வேண்டியிருந்தது.