பழைய பிக்கப்புக்குப் புது ஃப்ளோர், புது ஃபயர்வால்: தகட்டு வேலை முழு விளக்கம்

[திரையில்: 1950-களின் செவர்லே பிக்கப் கேபின். ரப்பர் மேட்டைத் தூக்கியதும் ஃப்ளோரில் ஓட்டைகள், அடியில் சேசிஸ் தெரிகிறது.]

வணக்கம். திரையில நீங்க பார்க்கிறது 1947-லிருந்து 1955 வரைக்கும் வந்த மாடல் செவர்லே பிக்கப்போட கேபின். பம்பாய் சிவ்ரியில ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல ஆரம்பிச்ச அசெம்ப்ளி ஆலை 1954 வரைக்கும் ஓடுச்சு. அந்தக் கால வண்டிகள் இன்னைக்கும் நம்ம ஊர் ஷெட்டுகள்ல நிக்குது. ஃபார்கோ, டாட்ஜ், வில்லிஸ் டிரக்னு எது வச்சிருந்தாலும் இந்த வீடியோவுல சொல்ற வேலைமுறை பொருந்தும். அளவு மட்டும்தான் மாறும்.

அமெரிக்காவுல இதுக்கு ரெடிமேட் ஃப்ளோர் விக்கிறாங்க. கப்பல் செலவும் கஸ்டம்ஸும் சேர்ந்தா கணக்கு எங்கேயோ போயிடும். அது போக, வேற இன்ஜின், வேற கியர்பாக்ஸ் போட்ட வண்டிக்கு அந்த ஃப்ளோர் அப்படியே உட்காராது. பெங்களூர்ல இருக்கிறவங்களுக்கு இதை இங்கேயே செய்றதுதான் நல்லது. பீன்யா தொழிற்பேட்டையில ஷியரிங் (தகடு வெட்டுறது), பெண்டிங் (மடிக்கிறது), லேசர் கட்டிங் மூணும் பக்கத்துப் பக்கத்துலயே கிடைக்குது. ரப்பர், கிளிப், பழைய பார்ட்ஸுக்கு ஜே.சி. ரோடு, சிவாஜிநகர்.

வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சட்ட விஷயம். 2021-ல மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டின, வியாபாரத்துக்கு ஓடாத வண்டிகளை வின்டேஜ் வண்டியா பதிவு பண்ணலாம். நம்பர்ல 'வி.ஏ.' எழுத்து வரும். ஆனா சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அந்தப் பதிவு வேணும்னா, துருப்பிடிச்ச ஃப்ளோரை ஒரிஜினல் வடிவத்துலயே திரும்பச் செய்யுங்க. ஃபயர்வாலை, அதாவது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகட்டுச் சுவரை, உள்ளே தள்ளி வேற இன்ஜின் போடுற திட்டம் இருந்தா, தகடு வாங்குறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. விவகாரத்தை முடிவு பண்ணிடுங்க. வெட்டின பிறகு யோசிச்சு பயனில்லை.

[திரையில்: கவுல் வென்ட் மூடி, அதன் அடியில் காய்ந்து வெடித்த ரப்பர்.]

துரு எங்கிருந்து வந்துச்சுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். இந்த வண்டிகள்ல பெரும்பாலும் தண்ணி கீழே இருந்து வர்றதில்லை, மேலே இருந்துதான் இறங்குது. கண்ணாடிக்கு முன்னாடி, காத்து உள்ளே வர்றதுக்காக இருக்கிற கவுல் வென்ட்டோட ரப்பர் போயிடும், கண்ணாடி ரப்பரும் இறுகிடும். மழைத்தண்ணி ஃபயர்வால் உள்பக்கமா வழிஞ்சு, கால் வைக்கிற சாய்வுத் தகட்டு மூலைக்கு வந்து, மேட்டுக்கு அடியில தங்கிடும். பெங்களூர்ல மே மாசம் ஆரம்பிச்சா நவம்பர் வரைக்கும் அந்த மேட் காயவே காயாது. இதைச் சரி பண்ணாம போடுற புது ஃப்ளோரும் அதே வழியிலதான் போகும்.

கூரான ஸ்க்ரூ டிரைவரால ஃப்ளோர் முழுக்கக் குத்திப் பாருங்க. ஓட்டை விழுற இடம் மட்டும் கெட்ட இடம் இல்லை. சுத்தியால தட்டினா 'டங்'னு கேக்காம மந்தமா கேக்குற இடமும் போச்சுன்னு அர்த்தம். சுத்தமான, குறைஞ்சது ஒரு மில்லி தடிமன் மிச்சம் இருக்கிற தகடு கிடைக்கிற வரைக்கும் வெட்டுக்கோட்டைத் தள்ளிப் போடுங்க. மெலிஞ்ச தகட்டுல வெல்டிங் நிக்காது, ஓட்டை பெருசாகிட்டே போகும்.

[திரையில்: கேபினுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஸ்கொயர் பைப்.]

இந்த வேலையில ரொம்ப முக்கியமான கட்டம் இதுதான். ஃப்ளோரும் ஃபயர்வாலும்தான் கதவுத் தூண்களை இடத்துல பிடிச்சு வச்சிருக்கு. முட்டுக் கொடுக்காம ஃப்ளோரை வெட்டினா கேபின் சத்தமே இல்லாம ரெண்டு மூணு மில்லி விரியும், இல்லைன்னா சாயும். அது தெரியுறது கடைசியில, பெயின்ட் அடிச்சுக் கதவு மாட்டும்போது.

சேசிஸை ஸ்டாண்டுல ஏத்தி ரசமட்டம் வச்சு நேராக்குங்க. கேபின் மவுன்ட் ரப்பரைப் புதுசா மாத்தி, போல்ட்டை முழுசா முறுக்குங்க. சேசிஸ் முறுகி நின்னா அந்த முறுக்கையும் சேர்த்து நீங்க நிரந்தரமா வெல்டு பண்ணிடுவீங்க. கதவு ரெண்டையும் மாட்டி, சுத்தி நாலஞ்சு மில்லி இடைவெளி சீரா வர்ற மாதிரி வச்சுக்குங்க. பிறகு 25-க்கு 25, 2 மில்லி ஸ்கொயர் பைப்பை முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவுல ஒவ்வொரு பக்கமும் ஒண்ணு, இடது வலது குறுக்கே ஒண்ணு, மூலைக்கு மூலை பெருக்கல் குறி மாதிரி ரெண்டு. பைப்பைத் தூணோட உள் ஓரத்துல வெல்டு பண்ணுங்க, வெளித்தகட்டைத் தொடாதீங்க. கதவு திறந்து மூட வழி விட்டுச் செய்யணும். நடுநடுவே கதவைச் சாத்திப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

மூலைக்கு மூலை அளவை எழுதி வையுங்க. இடது கீழ்க் கீலோட போல்ட்டிலிருந்து வலது பூட்டு வரைக்கும் ஒண்ணு, மறுபக்கம் ஒண்ணு. ரெண்டும் சமமா இருக்கணும்னு அவசியமில்லை, பழைய வண்டி அது. எழுதின அளவு கடைசி வரைக்கும் மாறாம இருந்தா போதும். ஒரு பக்கத்தை வெட்டி, போட்டு, புள்ளி புள்ளியா டேக் வெல்டு அடிச்ச பிறகுதான் அடுத்த பக்கத்துல கிரைண்டரை வைக்கணும்.

பெட்ரோல் டேங்க் எங்க இருக்குன்னும் பாருங்க. இந்த மாடல் செவர்லே பிக்கப்கள்ல 1949-லிருந்து வந்ததுல டேங்க் கேபினுக்குள்ள, சீட்டுக்குப் பின்னாலதான் இருக்கு. முதல் தீப்பொறிக்கு முன்னாடி அதைக் கழட்டி ஷெட்டுக்கு வெளியே கொண்டு போயிடணும். காலி டேங்க் நிறைஞ்ச டேங்கை விட ஆபத்து, ஆவி முழுக்க உள்ளேதான் இருக்கும். பேட்டரி பயணி பக்கம் ஃப்ளோருக்கு அடியில. அதையும் எடுத்துடுங்க.

[திரையில்: தகட்டின் ஓரத்தை மைக்ரோமீட்டரால் அளக்கும் காட்சி.]

இனி தகடு. சி.ஆர். (குளிர்நிலையில உருட்டின) ஷீட் வாங்குங்க, எச்.ஆர். (சூட்டுல உருட்டின) ஷீட் வேண்டாம். எச்.ஆர். மேல இருக்கிற கருப்புச் செதில் பெயின்டோட சேர்ந்து உரியும். கடையில 18 கேஜ்னு கேக்காம 1.2 மில்லின்னு கேளுங்க, கையில மைக்ரோமீட்டர் கொண்டு போங்க. 8 அடிக்கு 4 அடி ஷீட் 1.2 மில்லியில கிட்டத்தட்ட 28 கிலோ வரும், 1.6 மில்லியில 37 கிலோ. ஃப்ளோருக்கும் ஃபயர்வாலுக்கும் சேர்த்து ரெண்டு ஷீட் எடுத்தா சோதனைத் துண்டுகளுக்கும் மிச்சம் இருக்கும்.

துரு வராதேன்னு துத்தநாகம் பூசின ஜி.பி. ஷீட் எடுக்கிறவங்க நிறைய பேர். வெல்டு பண்ற இடத்துல துத்தநாகம் ஆவியாகி, வெல்டு முழுக்கப் பொத்தல் விழும். அந்தப் புகையை இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். சி.ஆர். ஷீட் போட்டு நல்ல பிரைமர் அடிக்கிறதுதான் எங்க தேர்வு.

1.6 போட்டா பலமா இருக்காதான்னு கேப்பீங்க. சமதளத் தகட்டோட விறைப்பு தடிமனோட கனமடங்குல ஏறும். அதாவது 1.2-ஐ விட 1.6 சுமார் 2.4 மடங்கு விறைப்பு, எடை மூணுல ஒரு பங்கு கூடுதல். ஆனா 1.2 மில்லி தகட்டுல நாலு மில்லி ஆழத்துக்கு பீடு (விறைப்புக்காக அழுத்துற நீள வரி) உருட்டினா அதை விட நல்ல விறைப்பு எடை ஏறாமலே கிடைக்கும். பீடு உருட்ட வசதி இருந்தா 1.2, இல்லைன்னா 1.6.

[திரையில்: மில் போர்டு அட்டையை ஃப்ளோரில் வைத்து வெட்டும் காட்சி.]

டெம்ப்ளேட்டுக்கு, அதாவது அட்டையில மாதிரி வெட்டிப் பார்க்க, பெங்களூர் அவென்யூ ரோட்டுல மில் போர்டு வாங்கிக்கலாம். துண்டு துண்டா வெட்டி, டேப் ஒட்டி, இடத்துல வச்சுப் பாருங்க. மடிப்பு வர்ற கோட்டைப் பேனாவால போட்டு, எந்தப் பக்கம் மடியணும்னு மேலேயே எழுதுங்க. அட்டையில சரியா உட்காராதது தகட்டுலயும் உட்காராது.

மடிக்கும்போது தகட்டோட கணக்கு மாறும். ஒரு உதாரணம்: நடுவுல 600 மில்லி, ரெண்டு ஓரமும் 25 மில்லி மடிப்பு. வெளி அளவைக் கூட்டினா 650. ஆனா 650-க்கு வெட்டினா பெருசாயிடும். 1.2 மில்லி தகட்டுல உள்வளைவும் அதே 1.2-ஆ இருந்தா, 90 டிகிரி மடிப்பு ஒண்ணுக்கு சுமார் 2.1 மில்லி கழிக்கணும். ரெண்டு மடிப்புக்கு 4.2. ஆக வெட்ட வேண்டியது 646. மெஷினுக்கு மெஷின் இது மாறும், அதனால அதே ஷீட்ல 100 மில்லி பட்டை ஒண்ணை மடிச்சு அளந்துட்டு ஆரம்பிங்க. ரெண்டு மடிப்பு சந்திக்கிற மூலையில 3 மில்லி ஓட்டை போட்டு வெட்டினா தகடு அங்க கிழியாது.

[திரையில்: பீடு ரோலர். ஒருவர் கைப்பிடியைச் சுற்றுகிறார், ஒருவர் தகட்டைப் பிடித்து ஓட்டுகிறார்.]

பீடு உருட்டுறதுக்கு ரெண்டு பேர் வேணும். தகட்டை அளவை விட எல்லாப் பக்கமும் 20 மில்லி கூட வச்சு வெட்டுங்க, ஏன்னா பீடு தகட்டை உள்ளே இழுக்கும். கோட்டுல ஒரு சொட்டு எண்ணெய். முதல் ஓட்டத்துல லேசா, பிறகு மேல் ரோலரை அரைச் சுத்து இறக்கி இன்னொரு ஓட்டம். மூணு நாலு ஓட்டத்துல ஆழம் வரணும். ஒரே ஓட்டத்துல இறக்கினா தகடு முறுகி வில்லா நிக்கும். நடுப் பீட்டை முதல்ல போட்டு வெளிப்பக்கமா போங்க. ஓரத்துக்கு 30 மில்லி முன்னாடியே நிறுத்துங்க, அந்த இடம் வெல்டுக்குச் சமமா இருக்கணும்.

நடுப்பகுதி இழுபட்டு, பீடு இல்லாத ஓரம் நீளமாவே இருக்கிறதால ஓரம் அப்பள ஓரம் மாதிரி நெளியும். நிறைய பேர் இதைச் சுத்தியால அடிச்சு நேராக்கப் பார்க்கிறாங்க. அடிச்சா ஓரம் இன்னும் நீளும், நெளிவு கூடும். ஷ்ரிங்கர் வச்சு ஓரத்தைச் சுருக்கணும், இல்லைன்னா உருட்டுறதுக்கு முன்னாடியே வீலிங் மெஷின்ல நடுப்பகுதியைக் கொஞ்சம் நீட்டி வச்சுக்கணும். பீடு மேல்நோக்கி எழும்புற மாதிரி வையுங்க. கீழ்நோக்கி வச்சா ஒவ்வொண்ணும் மேட்டுக்கு அடியில ஒரு வாய்க்காலாயிடும். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் கடைசி அளவுக்கு வெட்டி, ஓரத்தை மடிக்கணும்.

கியர்பாக்ஸ் மேல வர்ற டனல் முன்னாடி அகலமாவும் பின்னாடி குறுகலாவும் இருக்கும். ரோலிங் மெஷின் இல்லைன்னாலும் செய்யலாம். விசிறி மாதிரி கோடு போட்டு, அகலமான பக்கம் 15 மில்லிக்கு ஒண்ணா, ஒவ்வொரு கோட்டுலயும் அஞ்சாறு டிகிரி மட்டும் மடிச்சுக்கிட்டே போங்க. கியர்பாக்ஸைச் சுத்தி 25 மில்லி, சைலன்சர் பைப்புக்கு 50 மில்லி இடம் விடுங்க. டனலை வெல்டு பண்ணவே பண்ணாதீங்க. ஒரிஜினல்லயும் அது போல்ட்டுலதான் நின்னுச்சு. தகட்டுல பதியுற எம்6 ரிவ்நட் 100 மில்லிக்கு ஒண்ணு, நடுவுல ஃபோம் பட்டை. கிளட்ச் மாத்தும்போது இதோட அருமை தெரியும்.

[திரையில்: ஃபயர்வாலில் மாஸ்டர் சிலிண்டர் பிராக்கெட், பின்னால் 3 மில்லி பிளேட்.]

ஃபயர்வாலுக்கு அலுமினியம் போடலாமான்னு கேட்டா, வேண்டாம். அலுமினியம் 660 டிகிரியில உருகிடும், ஸ்டீல் 1,400 டிகிரிக்கு மேல. தீயை உங்க கால்கிட்ட வராம தடுக்கிற சுவர் அது.

இந்த செவர்லேக்கள்ல பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஃப்ளோருக்கு அடியில, சேசிஸ்ல இருந்துச்சு. இப்போ பலரும் தொங்குற பெடல் போட்டு சிலிண்டரை ஃபயர்வாலுக்குக் கொண்டு வர்றாங்க. அங்க என்ன நடக்குதுன்னு பாருங்க. பெடல் விகிதம் 6-க்கு 1. கால் 50 கிலோ அழுத்தினா சிலிண்டர் மேல 300 கிலோ. பெடலோட அச்சு டாஷ்போர்டுலயும் சிலிண்டர் ஃபயர்வால்லயும் தனித்தனியா இருந்தா, அந்த 300 கிலோவும் 1.2 மில்லி தகட்டை முன்னாடி தள்ளும். தகடு வளையும், பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும். பிரேக்குல காத்து இருக்குன்னு நினைச்சு மறுபடி மறுபடி பிளீடிங் பண்ணுவாங்க. பெடல் அச்சையும் சிலிண்டரையும் ஒரே பிராக்கெட்ல கட்டுங்க, பின்னால 3 மில்லி பிளேட் வையுங்க, பிராக்கெட்டோட மேல் முனையை டாஷ் சட்டத்தோட இணைங்க. ஒருத்தர் பெடலை மிதிக்க, ஒருத்தர் இன்ஜின் பக்கமிருந்து சிலிண்டரைப் பார்க்கணும். கண்ணுக்கு அசைவு தெரியவே கூடாது.

இன்ஜினுக்காக ஃபயர்வாலை உள்ளே தள்றதா இருந்தா, இன்ஜினும் ரேடியேட்டரும் புது மவுன்ட்ல உட்கார்ந்த பிறகு அளவெடுங்க. பின்பக்க டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தா மூடியைக் கழட்ட 50 மில்லி வேணும். ஸ்டீயரிங், ஆக்சிலரேட்டர் கேபிள், ஒயரிங், வைப்பர், ஹீட்டர் எல்லா ஓட்டைகளையும் அட்டையிலயே குறிச்சுடுங்க. ஒவ்வொண்ணுக்கும் ரப்பர் வளையம் (குரோமெட்) கட்டாயம். ஒயர் தேய்ஞ்சு ஷார்ட் ஆகுறது ஒரு காரணம், இன்ஜின் பக்கத்துப் புகை கேபினுக்குள்ள வர்றது இன்னொரு காரணம்.

[திரையில்: டேக் வெல்டு புள்ளிகள், நெருக்கத்தில்.]

மிக் வெல்டிங்குக்கு 0.8 மில்லி ஒயர், 60-லிருந்து 70 ஆம்பியர். தனி சி.ஓ.டூ வாயுவை விட ஆர்கான் கலந்த வாயுவுல தெறிப்பு குறையும், மெல்லிய தகட்டுக்கு அதுதான் ஏத்தது. ஓரத்துக்கு ஓரம் சேர்க்கிற இடத்துல அரை மில்லி இடைவெளி. 30 மில்லிக்கு ஒரு டேக், அதுவும் வரிசையா இல்லாம இந்த மூலை, அந்த மூலைன்னு மாத்தி மாத்தி. கை வச்சா சுடாத அளவு ஆறினதும் நடு நடுவே அடுத்த டேக். இடைவெளி பெருசான இடத்துல பின்னால செம்புப் பட்டை பிடிங்க, வெல்டு அதுல ஒட்டாது. சூடாகி ஆறின வெல்டு சுருங்கும், தகட்டை இழுக்கும். அதனால பின்னால டோலிங்கிற இரும்புக்கட்டி வச்சு வெல்டு மேல லேசாத் தட்டி நீட்டணும். கிரைண்டரையும் ஒரே இடத்துல வச்சு அழுத்தாதீங்க, அந்தச் சூடும் தகட்டை நெளிய வைக்கும்.

சாய்வுத் தகடு ஃபயர்வாலோட சேருற இடத்துல ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, மேல் தகட்டுல 8 மில்லி ஓட்டை 40 மில்லிக்கு ஒண்ணு போட்டு, அந்த ஓட்டையை நிரப்பி பிளக் வெல்டு பண்ணுங்க. சேர்க்கிறதுக்கு முன்னாடி ரெண்டு முகத்துக்கும், மேலேயே வெல்டு பண்ணக்கூடிய வெல்டு பிரைமர் அடிங்க. அப்புறம் அங்க பிரஷ் நுழையாது.

முட்டுப் பைப்பை எடுக்கிறதுக்கு முன்னாடி எழுதி வச்ச அளவைப் பாருங்க, எடுத்த பிறகும் பாருங்க. தின்னர் போட்டு எண்ணெயைத் துடைச்சு அன்னைக்கே எபாக்சி பிரைமர் ரெண்டு கோட். மழைக்காலத்துல வெறும் சி.ஆர். தகடு ஒரே ராத்திரியில செம்மண் நிறமாயிடும். சீம் சீலன்ட் பிரைமர் மேலதான் போடணும், வெறும் தகட்டு மேல இல்லை. அடியில அண்டர்கோட், மேல சத்தத்தைக் குறைக்கிற பியூட்டில் ஷீட், ஃபயர்வால் பக்கம் வெப்பத் தடுப்பு.

மேட் போடாம விட்டு, ராத்திரியில கேபினுக்கு அடியில விளக்கு வச்சு உள்ளே இருந்து பாருங்க. ஊசி வெளிச்சம் தெரிஞ்சா அங்க சீலன்ட். அடுத்து கவுல் வென்ட் மேல ஹோஸ் பைப்பால பத்து நிமிஷம் தண்ணி விட்டு, சாய்வுத் தகட்டு மூலையில வெள்ளைத்துணி வச்சுப் பாருங்க. துணி நனைஞ்சிருந்தா மேட்டை ஒதுக்கி வச்சுட்டு, கண்ணாடி ரப்பருக்கும் கவுல் ரப்பருக்கும் திரும்பப் போங்க.