பிள்ளைகளோட பல்லுக்குப் பொறுப்பு வீடா, பள்ளிக்கூடமா?

(காட்சி: விடியுறதுக்கு முன்னாடி ஒரு ரப்பர் தோட்டம். தலையில கட்டுன லைட் வெளிச்சத்துல பால் வெட்டுறாங்க.)

ரப்பர் பால் குளிர்ச்சியான நேரத்துலதான் நல்லா ஒழுகும். அதனால கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் நிறைய வீடுகள்ல, பிள்ளைங்க எழும்புறதுக்கு முன்னாடியே பெரியவங்க வேலைக்குப் போயிருவாங்க. பிள்ளை பல்லு தேச்சுதான்னு யாரு பாக்குறது?

"அது வீட்டுல பழக்க வேண்டியது"ன்னு டீச்சர் சொல்வாங்க. "நீங்க சொன்னாத்தான் பிள்ள கேக்கும் டீச்சர்"னு அம்மா சொல்வாங்க. ஆனா சொத்தை எப்படி விழுதுன்னு பாத்தா, பெரிய பங்கு வீட்டுக்குத்தான்.

(காட்சி: கடைவாய்ப்பல்லோட மேல்பக்கம், குழிகள் தெரியுற மாதிரி.)

பல்லுல ஒட்டுன இனிப்பையும் மாவையும் கிருமிகள் அமிலமா மாத்தும். அந்த அமிலம் பல்லோட மேல் ஓடான எனாமலைக் கரைக்கும். ஏத்தங்கா (நேந்திரங்காய்) சிப்ஸ் இனிப்பில்லையேன்னு நினைக்காதீங்க, அதுவும் மாவா குழியில அப்பிக்கும். பகல்ல எச்சில் ஊறி அமிலத்தைக் கழுவிட்டே இருக்கும். தூக்கத்துல எச்சில் ரொம்பக் குறைஞ்சிரும். சீனி போட்ட பாலைக் குடிச்சிட்டு அப்படியே படுத்தா, பல்லுக்குக் காவலே இல்ல. அதனாலதான் ராத்திரி தேய்க்கிறதை விடவே கூடாது. அந்த நேரம் பிள்ளை பக்கத்துல இருக்கிறது அம்மா, அப்பா, பாட்டிதான்.

ஏழெட்டு வயசு வரைக்கும் பிள்ளைக்குக் கை பழகாது, நீங்கதான் தேச்சு விடணும். மூணு வயசுக்குக் கீழ அரிசி அளவு பேஸ்ட், ஆறு வயசு வரைக்கும் பட்டாணி அளவு. ட்யூப்ல, சொத்தையைத் தடுக்கிற ஃபுளோரைடு 1000 பி.பி.எம்.க்குக் (ppm) குறையாம இருக்கான்னு பாருங்க. உமிக்கரி பிள்ளைகளுக்கு வேண்டாம். அது எனாமலை உரசும், ஃபுளோரைடும் அதுல கிடையாது.

(காட்சி: போன் டார்ச் வெளிச்சத்துல ஒரு பிள்ளையோட வாய்.)

பிள்ளைக்கு ஆறு வயசு ஆயிட்டா இதை இன்னைக்கே செய்யுங்க. மடியில படுக்க வச்சு டார்ச் அடிங்க. கீழ்வரிசையில நடுவுல இருந்து ஒரு பக்கமா பின்னால எண்ணுங்க. அஞ்சு பல்லுக்குப் பின்னால ஆறாவதா ஒண்ணு முளைச்சிருந்தா, அது நிரந்தரப் பல்லு. எந்தப் பால் பல்லும் விழாம பின்னால சத்தமில்லாம முளைக்கிறதால வீட்டுல யாருக்கும் தெரியிறதில்ல. சொத்தையானாலும் "விழுந்து முளைக்கிற பல்லுதானே"ன்னு விட்டுடுறாங்க. என் மனசு ரொம்ப வேதனைப்படுறது இங்கதான். அந்தப் பல்லு போனா திரும்ப முளைக்காது. சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டோ, குழியில பழுப்புக் கோடோ தெரிஞ்சா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.

அப்போ பள்ளிக்கூடம்? பால் வெட்டப் போற வீட்டால முடியாத காலைப் பொழுதை அது ஏத்துக்கலாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல தொடங்குச்சு. ஒண்ணுல இருந்து அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் பிள்ளைங்க பள்ளியிலதான் சாப்பிடுறாங்க. சாப்பிட்டுக் கை கழுவுற குழாயடியிலேயே, டீச்சர் பாத்து நிக்க ரெண்டு நிமிஷம் தேய்க்க வைக்கலாம். இது புது யோசனையும் இல்ல. எம்.ஜி.ஆர். ஆட்சியில பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பற்பொடியே கொடுத்திருக்காங்க.

இன்னொண்ணும் நடக்குது. 2013-ல வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்துல டாக்டர் குழு அரசுப் பள்ளிக்கு வந்து பல்லையும் பாக்குது. சொத்தை இருந்தா அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்புவாங்க. பிள்ளைகிட்ட கொடுத்து விடுற சீட்டு பையிலேயே கிடந்து கசங்கிரும். டீச்சர் பெற்றோருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லணும், பெற்றோர் கூட்டிட்டுப் போகணும். முகம் வீங்குற வரைக்கும் விட்டா, அடைச்சு முடிச்சிருக்க வேண்டிய பல்லைப் பிடுங்க வேண்டி வந்துரும்.