ஒரு 'ஹேட்' விட்டுப்போனா விளக்கு எரியாது

வணக்கம். இங்கிலீஷ்ல கதை எழுதுறவங்களுக்கான வீடியோ இது, வினைச்சொல்லோட காலத்தப் பத்தி. நேரா உதாரணத்துக்கே போயிடுறேன். மூணு வாக்கியம், மெதுவா படிக்கிறேன், கேளுங்க.

'மீரா ஓபன்ட் த டோர். த ரூம் வாஸ் டார்க். ஷீ லெஃப்ட் த லாம்ப் ஆன்.'

என்ன புரியுது? கதவத் திறந்தா, உள்ள இருட்டு, விளக்க எரியவிட்டா. இருட்டா இருந்த ரூம்ல எரியுற விளக்கு எங்கேர்ந்து வந்துச்சு? இப்ப கடைசி வாக்கியத்துல ஒரே ஒரு வார்த்தை சேர்க்கிறேன், 'ஹேட்' (had). 'ஷீ ஹேட் லெஃப்ட் த லாம்ப் ஆன்.' போகும்போது விளக்க எரியவிட்டுட்டுத்தான் போயிருந்தா. அப்ப அணைச்சது யாரு? உள்ள யாரோ இருக்காங்களா? பயமே அந்த 'ஹேட்'லதான் இருக்கு.

இது நான் எழுதிட்டு இருக்கிற கதை. முதல் வரைவுல அந்த 'ஹேட்' இல்ல. படிச்ச தோழி, 'விளக்கு எரியுதா, எரியலையா?'ன்னு கேட்டா. எனக்கு மனசுக்குள்ள தெளிவா இருந்துச்சு, எழுதின பக்கத்துல தெளிவா இல்ல. அதுக்கப்புறம் ஒரு வாரம் உட்கார்ந்து வினைச்சொல் ஒவ்வொண்ணா பார்த்தேன்.

நமக்கு ஏன் இந்தச் சிக்கல் அதிகமா வருதுன்னு எனக்குத் தோணுறதச் சொல்றேன். தமிழ்ல, 'எழுந்து, கதவத் திறந்து, படியிறங்கிப் போனான்'னு சொல்றோம். மொத்த வாக்கியத்தோட காலத்தத் தீர்மானிக்கிறது 'போனான்' ஒண்ணுதான். முன்னாடி வர்றதெல்லாம் வினையெச்சம், கடைசி வினை எங்க இழுத்தாலும் கூடவே போயிடும். இங்கிலீஷ்ல 'காட் அப்', 'ஓபன்ட்', 'வென்ட்'னு ஒவ்வொண்ணும் தனித்தனியா காலம் காட்டணும். நீளமான வாக்கியத்துல நடுவுல ஒண்ணு நழுவிடும்.

இன்னொண்ணு. வாயால கதை சொல்லும்போது, 'உள்ள போனேனா, பார்த்தா ஒருத்தன் நிக்கிறான்'னு சட்டுனு நிகழ்காலத்துக்குத் தாவுறோம். கேக்கவே நல்லா இருக்கும். இங்கிலீஷ்லயும் பேச்சுல இது உண்டு. ஆனா அச்சுல, இறந்தகாலத்துல போயிட்டு இருக்கிற பத்தியில திடீர்னு ஒரு 'ஸ்டாண்ட்ஸ்' வந்தா, காரணம் தெரியலைன்னா, வாசகர் பிழைன்னுதான் நினைப்பாரு.

அதனால இலக்கண அட்டவணைய மூடி வச்சுட்டு ஒரு கேள்வி கேட்டுக்கோங்க. கதை சொல்றவர் எங்க நிக்கிறார்? எல்லாம் முடிஞ்சப்புறம் திரும்பிப் பார்க்கிறாரா, நடக்கும்போதே கூட நிக்கிறாரா? திரும்பிப் பார்க்கிறவருக்கு முடிவு தெரியும். 'மூணு வருஷம் ஓடிப்போச்சு'ன்னு ஒரே வரியில தாண்டலாம், 'அன்னைக்கு அவளுக்கு அது தெரியல'ன்னு முன்கூட்டியே கோடி காட்டலாம். கூட நிக்கிறவருக்கு அடுத்த நிமிஷமே தெரியாது. அதுதான் நிகழ்காலத்தோட பலம், அதுவேதான் அதோட கஷ்டமும்.

நிகழ்காலம் இப்ப வந்த ஃபேஷன்னு சிலர் சொல்றாங்க. 1852-53ல தொடராவே வந்த டிக்கன்ஸோட 'ப்ளீக் ஹவுஸ்' நாவல்ல ஒரு பாதி நிகழ்காலம், எஸ்தர்ங்கிற கதாபாத்திரம் தானே சொல்ற பாதி இறந்தகாலம். நிக்கிற இடம் ரெண்டு, அதனால காலமும் ரெண்டு. ஹிலரி மேன்டலோட 'வுல்ஃப் ஹால்', 2009ல வந்தது, 16ஆம் நூற்றாண்டுக் கதைய நிகழ்காலத்துல சொல்லுது. கதை நாயகன் தாமஸ் க்ராம்வெல், இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியோட அமைச்சர். சரித்திரம் படிச்ச நமக்கு அவரோட முடிவு தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த இடைவெளி நம்மள உலுக்கும்.

சரி, 'ஹேட்'டுக்கு வர்றேன், ஏன்னா நிறைய பேர் இதுல எதிர்ப்பக்கமா தப்பு பண்றாங்க. இறந்தகாலக் கதையில அதுக்கும் முன்னாடி நடந்தத சொல்லணும். உடனே ரெண்டு பக்கத்துக்கு 'ஹேட் கம்', 'ஹேட் ப்ராட்', 'ஹேட் ஸ்டுட்'. படிக்கவே மூச்சு முட்டும். 'ஹேட்' ஒரு கதவு மாதிரி. திறந்து உள்ள போயாச்சுன்னா அதையே பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டாம். இப்படி:

'ஹிஸ் ஃபாதர் ஹேட் கம் டு த ஸ்டேஷன் தட் டே. ஹீ ஹேட் ப்ராட் அன் அம்ப்ரெல்லா. ஹீ ஸ்டுட் அண்டர் த க்ளாக் அண்ட் செட் நத்திங்.'

முதல் ரெண்டுல 'ஹேட்', மூணாவதுல இருந்து சிம்பிள் பாஸ்ட், அதாவது 'ஹேட்' இல்லாத சாதாரண இறந்தகாலம். வாசகர் அந்த ஸ்டேஷனுக்கே வந்துட்டாரு. வெளிய வரும்போது ஒரு 'நவ்' போதும். 'நவ் த அம்ப்ரெல்லா ஹங் பிஹைண்ட் த டோர்.' இறந்தகால வினையோட 'நவ்' வரலாமான்னு கேக்கலாம். தாராளமா வரலாம். கதையோட 'இப்ப'தான் அது.

கதையே நிகழ்காலத்துல போகுதுன்னா, பழசச் சொல்ல பெரும்பாலும் சிம்பிள் பாஸ்டே போதும், 'ஹேட்'டுக்கு வேலை கம்மி. அதனாலதான் நிகழ்காலக் கதைய இறந்தகாலத்துக்கு மாத்துறப்ப 'இஸ்'ஸ எல்லாம் 'வாஸ்'ஸா மாத்திட்டு விட்டுடக் கூடாது. பழைய சம்பவம் ஒவ்வொண்ணையும் தொட்டுப் பார்க்கணும்.

தமிழ் நமக்குக் கைகொடுக்கிற இடமும் ஒண்ணு இருக்கு. 'அப்பல்லாம் தாத்தா தினமும் கதை சொல்லுவாரு.' எப்பவோ நடந்தது, ஆனா வினை எதிர்கால வடிவத்துல நிக்குது. இங்கிலீஷ்ல 'ஹீ வுட் டெல் அஸ் ஸ்டோரீஸ்'னு வர்ற 'வுட்' கிட்டத்தட்ட இந்த 'சொல்லுவாரு'தான். வழக்கமா நடந்தத 'வுட்'ல சொல்லிட்டே வந்து, 'ஒன் நைட் ஹீ ஸ்டாப்ட்'னு சிம்பிள் பாஸ்ட்ல நிறுத்துங்க. காட்சி அங்க ஆரம்பிக்கும்.

வசனத்தப் பத்தி பயப்பட வேண்டாம். மேற்கோள் குறிக்குள்ள பேசுறவங்க அவங்க காலத்துல பேசுவாங்க.

கடைசியா ஒண்ணு. மீரா கதைய இப்ப தன்மையில, அவளே சொல்ற மாதிரி மாத்திட்டு இருக்கேன். ஏழாவது பக்கத்துல தம்பியப் பத்தி ஒரு வரி. 'மை பிரதர் லவ்ட் ரெயின்'னு எழுதியிருந்தேன். திரும்பப் படிக்கும்போது கை நின்னுடுச்சு. 'லவ்ஸ்'னு போட்டா, அவ கதை சொல்ற நேரத்துலயும் தம்பி இருக்கான், மழை பெய்ஞ்சா இப்பவும் வெளிய ஓடுவான். 'லவ்ட்'னு போட்டா வாசகருக்கு ஒரு சந்தேகம் விழும், அவன் இன்னும் இருக்கானா? ரெண்டும் இலக்கணப்படி சரி. எது வேணும்னு நான் இன்னும் முடிவு பண்ணல. அந்த ரூம்ல விளக்க அணைச்சது யாருன்னு எழுதி முடிச்சப்புறம்தான் அந்த ஒரு எழுத்த மாத்துறதா வேண்டாமான்னு தெரியும்.