பார்க்காத புலியை எண்ணுவது எப்படி?

[திரையில்: புழுதியில் புலியின் காலடித்தடம்]

2022 கணக்கெடுப்பில் இந்தியாவில் 3,682 புலிகள் என்று செய்தி வந்தது, ஞாபகம் இருக்கா? அத்தனை புலிகளையும் யாரும் ஒவ்வொன்றாக எண்ணவில்லை. அது மதிப்பீடு. குறைந்தது 3,167, அதிகபட்சம் 3,925 என்று அறிக்கையிலேயே இருக்கிறது, ஆனால் தலைப்புச் செய்திக்கு நடு எண் ஒன்றே போதும்.

முன்பு காலடித்தடத்தைத்தான் நம்பினார்கள். தடத்தின் மேல் கண்ணாடி வைத்து வரைவது, அச்சு எடுப்பது, அப்புறம் இது இன்ன புலி என்று முடிவு செய்வது. ஒரே கால் ஈரமண்ணில் ஒரு மாதிரியும் புழுதியில் வேறு மாதிரியும் பதியும் என்பதால் ஒரு புலி இரண்டாகிவிடும். ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஆவணத்தில் புலிகள் இருந்தன, 2005-இல் தேடிப்போனால் காட்டில் ஒன்றுகூட இல்லை! அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் நாடு முழுக்க முறை மாறியது. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உயிரியலாளர் உல்லாஸ் காரந்த் 1990-களிலேயே கேமரா வைத்துப் புலிகளை எண்ணிக் காட்டியிருந்தார்.

[திரையில்: பாதையின் இரு பக்கமும் மரத்தில் கட்டிய கேமராக்கள்]

ஏன் இரண்டு கேமரா? புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றுபோல் இருக்காது, இரண்டும் கிடைத்தால்தான் ஆளை அடையாளம் சொல்ல முடியும்.

சரி, கணக்கு. முதல் சுற்றில் 40 புலிகள் படத்தில் விழுகின்றன. அடுத்த சுற்றில் 50, அதில் 20 ஏற்கெனவே பார்த்தவை. அதாவது இரண்டாவது சுற்றில் வந்தவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு பழைய முகம். அப்படியானால் முதலில் சிக்கிய 40-ம் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்காகத்தான் இருக்கும், மொத்தம் 100. டென்மார்க்கில் மீன்களுக்கு அடையாளம் கட்டிவிட்ட உயிரியலாளர் பீட்டர்சன் காலத்து யோசனை இது.

இதில் ஒரு சிக்கல். எல்லாப் புலிக்கும் சிக்கும் வாய்ப்பு சமம் என்று இந்தக் கணக்கு நினைத்துக்கொள்கிறது. ஆண் புலி பெரிய பரப்பில் சுற்றுவதால் அதிக கேமராக்களில் விழும், பெண் புலி அவ்வளவு விழாது. அதே ஆசாமிகளே திரும்பத் திரும்ப வந்தால் பழைய முகம் கூடி மதிப்பீடு குறைந்துபோகும். அதனால்தான் இப்போது எந்தப் புலி எந்தக் கேமராவில் விழுந்தது என்ற இடக்கணக்கையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

[திரையில்: பாறைச் சரிவில் வரையாடுகள்]

வரி இல்லாத வரையாட்டை என்ன செய்வது? ஒரே வழியில் இரண்டு குழுக்கள் இடைவெளி விட்டு நடக்கும். இரு குழுவும் பார்த்த மந்தை எத்தனை, ஒரு குழு மட்டும் பார்த்தது எத்தனை என்று ஒப்பிட்டால் அதே கணக்கு இங்கேயும் ஓடும். 2024-இல் தமிழ்நாட்டில் வரையாடுகள் 1,031 என்று வந்த கணக்கெடுப்பிலும் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். முன்னால் போனவர்கள் எதைப் பார்த்தோம் என்று பின்னால் வருபவர்களிடம் மூச்சுவிடக் கூடாது, விட்டால் மொத்தக் கணக்கும் போச்சு.