பிள்ளையைக் கீழே விடுங்கள்

(தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த ஒரு கோவில் மண்டபத்தில், கைக்குழந்தை வைத்திருக்கும் குடும்பங்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆயாமாருக்கும் தாத்தாமாருக்கும் வணக்கம்.

பிள்ளை பிறந்த வீட்டில் முதல் வருஷம் முழுக்க வருகிறவர் போகிறவர் எல்லோரும் கேட்பது இதைத்தான்: தலை நின்னுடுச்சா? குப்புற விழுந்துச்சா? தவழுதா? இன்னும் நடக்கலையா? கேட்கிறவர் பாசத்தில் கேட்கிறார். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டுத் தாய்க்குத் தூக்கம் போகிறது. அவசரப்பட்டு, பிள்ளையை நடுவில் உட்கார வைத்துக் காலால் தள்ளவிடும் சக்கர வண்டியான ‘வாக்கிங் ரிங்’ ஒன்றை வாங்கி வருகிறோம். சுற்றிலும் தலையணை அடுக்கி மூன்று மாதப் பிள்ளையை உட்கார வைக்கிறோம். மீதி நேரமெல்லாம் கையில், கார் சீட்டில், பவுன்சர் நாற்காலியில். பிள்ளை தரையைத் தொடுவதே இல்லை. இன்று நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான்: விழித்திருக்கும் பிள்ளையைக் கீழே விடுங்கள். தலை நிற்பது முதல் நடை வரைக்கும் எல்லாமே தரையில் கிடைக்கிற பலம்.

முதலில் அந்தக் கேள்விகளுக்கு ஒரு பதில். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் ஒரு கணக்கை வெளியிட்டது. சாயாமல் உட்கார்வது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5.2இலிருந்து 13.5க்குள். பிடித்துக்கொண்டு நிற்பது 4.8இலிருந்து 11.4க்குள். பிடி இல்லாமல் நடப்பது 8.2இலிருந்து 17.6க்குள். நலமான நூறு பிள்ளைகளில் 98 பேர் இந்த எல்லைக்குள் வருகிறார்கள். பத்து மாதத்தில் நடந்த பிள்ளையும் பதினாறு மாதத்தில் நடந்த பிள்ளையும் இரண்டும் சரியான பிள்ளைகளே. அக்கா பிள்ளையோடு தங்கச்சி பிள்ளையை ஒப்பிடுவதை தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள்.

நம் முன்னோர் இதைக் கூர்ந்து பார்த்தவர்கள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைப் பருவம் என்றார்கள். கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, தலையைத் தூக்கி ஆடுகிற பருவம் அது. ஒன்பதாம் மாதம் கை கொட்டும் சப்பாணி. ஆண்டு நிறையும் வாக்கில் தளர்நடையிட்டு வரச் சொல்லி அழைக்கும் வருகைப் பருவம். செங்கீரை என்று அவர்கள் பாடிய நிலையை இன்று எந்த பிசியோதெரபிஸ்டிடம் காட்டினாலும், இதுதான் தவழுவதற்கு முந்திய படி என்பார். மெத்தையில் அந்த ஆட்டம் வராது. கை ஊன்றினால் அமுங்காத இடம் வேண்டும்.

எப்படிக் கீழே விடுவது? தூக்கம் வேறு, விழிப்பு வேறு. தூங்கும்போது எப்போதும் மல்லாக்க. கெட்டியான படுக்கை, தலையணை இல்லை, முகத்துப் பக்கம் போர்வையோ பொம்மையோ இல்லை. தலை உருண்டையாக வரட்டும் என்று கடுகு நிரப்பிய தலையணை வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. முதல் வருஷம் எந்தத் தலையணையும் வேண்டாம், மூச்சு அடைபடும். தலையின் ஒரு பக்கம் தட்டையாகிறதென்றால், படுக்க வைக்கும்போது ஒரு நாள் முகத்தை இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம் திருப்பி விடுங்கள். எவ்வளவு திருப்பினாலும் கழுத்து ஒரே பக்கம் போகிறதென்றால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். கிளினிக்கில் காட்டுங்கள், சீக்கிரம் ஆரம்பித்தால் எளிய பயிற்சியிலேயே சரியாகும்.

விழித்திருக்கும்போது குப்புற. பிறந்த முதல் வாரங்களில் தரைகூட வேண்டாம். தாயோ தகப்பனோ சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளையை நெஞ்சின் மேல் குப்புறக் கிடத்தினால் போதும். உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும். பிறகு பாயில் இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. போகப்போக எல்லாம் சேர்த்து நாளுக்கு அரை மணி நேரமாவது ஆக வேண்டும். தவழ ஆரம்பிக்காத பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் அதுதான்.

“குப்புறப் போட்டாலே அழுகிறது” என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அழுவதற்குக் காரணம் இருக்கும். பால் குடித்த கையோடு போட்டிருப்பீர்கள். வயிறு அமுங்கிக் கக்கும். பால் கொடுத்து அரை மணி கழித்தோ, நாப்பி மாற்றிய உடனேயோ போடுங்கள். மெத்தையில் போட்டிருப்பீர்கள், முகம் புதையும். கைகள் உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கும். ஒரு டவலை உங்கள் மணிக்கட்டுத் தடிமனுக்குச் சுருட்டி, பிள்ளையின் அக்குளுக்குக் கீழே நெஞ்சுக்கு அடியில் வைத்து, இரண்டு கையையும் சுருளுக்கு முன்னால் எடுத்து விடுங்கள். முழங்கை தோளுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். பிறகு நீங்களும் எதிரே குப்புறப் படுத்து முகத்தைக் காட்டிப் பேசுங்கள். தூக்கம் வந்தால் மல்லாக்கப் போட்டுவிடுங்கள். குப்புறக் கிடக்கும் நேரத்தில் பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும்.

பாய்க்குச் செலவு வேண்டாம். இங்குள்ள சூலு இனப் பெண்கள் நெய்கிற புல்பாயின் மேல் ஒரு கம்பளியை இரண்டாக மடித்து விரித்தால் போதும். எழுத்து கழன்று வரும் ரப்பர் பாய்களை வாங்காதீர்கள். கழன்ற துண்டு தொண்டையில் சிக்கும்.

எண்ணெய் தேய்ப்பது நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, இரண்டு காலையும் சேர்த்து நேராக இழுப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது இம்மூன்றும் கூடாது. பிறந்த பிள்ளையின் இடுப்பு மூட்டு இன்னும் குருத்து. காலை நேராக்கி இறுக்கிச் சுற்றினால் எலும்பு குழியிலிருந்து விலகலாம். சூலு தாய்மார் முதுகில் கட்டிச் சுமக்கும்போது பிள்ளையின் கால் இரண்டும் அகன்று, முழங்கால் மேலேறி இருக்கிறது பாருங்கள், இடுப்புக்கு அதுதான் நல்ல நிலை. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவைக் கொண்டுவரும்.

அடுத்தது உட்கார்வது. பிள்ளை முதலில் இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, கூன் போட்டுத்தான் உட்காரும். பிறகு ஒரு கையை எடுக்கும், பிறகு இரண்டையும். உங்கள் கால்களுக்கு நடுவில் உட்கார வைத்து, பொம்மையை நேர் முன்னால் வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், ஒரு கை எட்டும் தூரத்தில் வையுங்கள். எட்டி எடுத்துத் திரும்பும்போதுதான் இடுப்பும் முதுகும் வலுக்கும். படுத்திருக்கும் பிள்ளையை இரண்டு கையைப் பிடித்து நேராகத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். ஒருக்களித்துப் புரட்டி, கீழ்க்கையின் முழங்கையில் எடை விழச் செய்து, இடுப்பை மெல்ல அழுத்தினால் அதுவே எழும்பும். சில வாரம் இப்படிச் செய்தால் தானாக எழும்பி உட்காரக் கற்றுக்கொள்ளும். தலையணைக்கு நடுவில் நட்டு வைத்த பிள்ளை, வைத்தால் உட்காரும். தானாக எழும்பவும் தெரியாது, படுக்கவும் தெரியாது.

ஆறு மாதத்தில் திட உணவு தொடங்குவதும் இதோடு சேர்ந்தது. தலை நின்று, பிடித்தால் நிமிர்ந்து உட்காருகிற பிள்ளைக்கே ஊட்ட வேண்டும். சாய்த்துப் படுக்க வைத்து ஊட்டினால் புரையேறும். மீலி கஞ்சி, அதாவது மக்காச்சோளக் கஞ்சி மட்டும் போதாது. மசித்த சுகர் பீன்ஸ், பருப்பு, முட்டை, முள் எடுத்த பில்ச்சர்ட் மீன், பட்டர்நட் பூசணி என்று கலந்து கொடுங்கள். இரும்புச் சத்து குறைந்தால் பிள்ளை சோர்ந்து ஓரிடத்தில் கிடக்கும். தேன் ஒரு வயதுக்கு முன் ஒரு சொட்டும் வேண்டாம். பால் சேர்த்த தேநீரும் வேண்டாம், அது இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

தவழும் பருவத்தில் ஒரு சின்ன விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: உடுப்பு. பெண் பிள்ளைக்கு ஆசையாக நீள கவுன் போடுகிறோம். முழங்காலை முன்னே வைத்ததும் அது துணியின் விளிம்பை மிதிக்கிறது. அடுத்த முழங்கால் நகராது. முகம் தரையில் மோதுகிறது. நாலு தடவை மோதினால் பிள்ளை முயற்சியை விட்டுவிடும். மெழுகு போட்ட சிவப்புத் தரையும் டைல்ஸும் சாக்ஸ் காலுக்கு வழுக்கும். அரைக்கால் உடுப்பு, வெறும் முழங்கால், வெறும் கால். ஜூன், ஜூலைக் குளிரில் மேலுக்கு ஒரு ஜெர்சி கூடப் போடுங்கள், காலை மூடாதீர்கள். சில பிள்ளைகள் தவழாமலே பிட்டத்தால் நகர்ந்து போகும். உலக சுகாதார நிறுவனத்தின் அந்தக் கணக்கிலேயே நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் முழங்காலில் தவழவே இல்லை. மற்றதெல்லாம் சரியாக இருந்தால் பயம் வேண்டாம்; நடை மட்டும் கொஞ்சம் தாமதமாகும்.

கீழே விட வேண்டுமானால் கீழே கிடப்பதைப் பெரியவர்தான் எடுக்க வேண்டும். நீங்களே முழங்காலில் தவழ்ந்து வீட்டை ஒரு சுற்று வாருங்கள். கெட்டில் ஒயர் தொங்குவதும், சோபாவுக்கு அடியில் நாணயம் கிடப்பதும் அப்போதுதான் தெரியும். காமாட்சி விளக்கைப் பிள்ளை எழும்பி நின்றாலும் எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரி. பாரஃபினை (மண்ணெண்ணெயை) கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அது நுரையீரலில் இறங்கும். விஷ முறிவு ஆலோசனைக்கு 0861 555 777 என்ற எண்ணைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இப்போதே ஒட்டிவையுங்கள்.

இனி அந்த வாக்கிங் ரிங். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். வாங்கிக் கொடுத்தவர் பெரும்பாலும் ஆயாவாகத்தான் இருப்பார். ஆனாலும் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. வீட்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள், வேறொரு வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். அதில் பிள்ளை நிற்பதில்லை, தொடையிடுக்கில் தொங்குகிறது. நுனிக்காலால் தள்ளுகிறது; குதிகால் தரையில் படுவதில்லை. தட்டு மறைப்பதால் தன் காலையே பார்க்க முடியாது. விழாமல் இருக்க உடம்பைச் சமன்படுத்த வேண்டிய வேலையை ரிங் செய்துவிடுவதால், நடைக்கு வேண்டிய முக்கியமான பாடம் நடப்பதே இல்லை. நடை சீக்கிரம் வரும் என்று வாங்குகிறோம், தாமதமாகவே வரும். அதைவிடப் பெரிது ஆபத்து. ஒரு நொடியில் ஒரு மீட்டருக்கு மேல் ஓடும்; நீங்கள் திரும்புவதற்குள் படிக்கட்டு, அடுப்பு, மேசை விரிப்பு எதையும் எட்டிவிடும். கனடா 2004இலேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

அதற்குப் பதில், அசையாத சோபாவோ தாழ்வான மேசையோ போதும். பிடித்து எழும்பிய பிள்ளைக்கு முதலில் கீழே உட்காரத் தெரியாது, நின்றபடியே அழும். தூக்கி உட்கார வைக்காதீர்கள். முழங்காலுக்குப் பின்னால் மெல்லத் தொட்டு மடக்கி, பிட்டத்தைத் தரைக்கு இறக்கிக் காட்டுங்கள். பிறகு பக்கவாட்டில் நடக்க, சோபாவின் மறுமுனையில் பொம்மையை வையுங்கள். நடத்திப் பழக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்காமல், பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் பிடியுங்கள். அதற்கும் பிறகு இடுப்பை மட்டும். ஷூ வெளியில் போகும்போது மட்டும், அடிப்பாகம் வளைகிறதாக. இரண்டு வயது வரை கால் கொஞ்சம் வளைந்திருப்பதும் பாதம் தட்டையாக இருப்பதும் இயல்பு. சீக்கிரம் நின்றதால் கால் வளைந்தது என்பது தவறு.

பாயில் இருக்கும் நேரத்தில் பேசிக்கொண்டே இருங்கள். வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம், கூட இருக்கும் கோகோவிடம் (சூலு பாட்டியிடம்) சூலு என்று இருந்தால் பிள்ளை குழம்பாது. பேச்சும் அதனால் தாமதமாகாது. ஆயாக்கள் தெரிந்த தமிழை வாய்விட்டுப் பேச இதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டு வயது வரை போன், டிவி எதுவும் வேண்டாம்.

எப்போது கவலைப்பட வேண்டும்? குறைமாதப் பிள்ளையென்றால் இரண்டு வயது வரை பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுங்கள். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்து இப்போது ஆறு மாதமென்றால், அது நான்கு மாதப் பிள்ளை. அப்படி எண்ணியும் மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, நான்கு மாதத்துக்குப் பிறகும் கை எப்போதும் மூடியே இருக்கிறது, ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை அல்லது ‘பாபா, மாமா’ என்ற ஒலி இல்லை, பதினெட்டு மாதத்தில் நடக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். ஒரு வயதுக்கு முன் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால் “இடக்கைக்காரன்” என்று மகிழாதீர்கள்; மறு கையில் பலம் குறைவாக இருக்கலாம். நேற்று செய்ததை இன்று செய்ய மறந்தால், எந்த வயதானாலும், அந்த வாரமே போங்கள்.

தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் பிள்ளையின் உடல்நலப் பதிவான ‘ரோடு டு ஹெல்த்’ புத்தகத்தைக் கொண்டுபோகிறோம். பிள்ளையின் வயதுக்கு ஏற்ப வளர்ச்சியைக் குறிக்கும் பக்கமும் அதில் இருக்கிறது. அது காலியாக இருந்தால் நர்ஸிடம் நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாத குடும்பங்களுக்கு, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு கிளினிக்கிலும் ஆஸ்பத்திரியிலும் 1994 முதல் கட்டணம் கிடையாது. அங்கே பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். கிளினிக்கில் பிள்ளை மிரண்டு மடியை விட்டு இறங்காது. அதனால் முந்தின நாளே வீட்டுப் பாயில், நாப்பியோடு மட்டும் விட்டு, பக்கவாட்டிலிருந்து இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். முதுகும் முழங்காலும் குதிகாலும் தெரியும்படி.